கல்யாணக் காருக்கு அகல டயர்

போன மாதம் என் மருமகன் புதுக் கார் வாங்கினார். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதன் சக்கரம் அவருக்குச் சின்னதாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரைச் சாமி சுற்றுவது போல் சுற்றி வந்தார். பிறகு கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினார். பழைய டயர் அளவை ஒரு கட்டத்திலும் புது அளவை இன்னொரு கட்டத்திலும் போட்டால் போதும். கார் எவ்வளவு உயரும், வேகமானி எவ்வளவு பொய் சொல்லும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் எவ்வளவு மிச்சம் என்று படம் போட்டே காட்டிவிடுகிறது.

"மாமா, இது சொல்றது சரியா?" என்று கேட்டார்.

சரியாகத்தான் சொல்கிறது. எனக்கு அதன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நாங்கள் சாக்குக்கட்டியை வைத்துக்கொண்டு அரை நாள் மல்லுக்கட்டியதை, அது தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறது. கோலசிலாங்கூரில் ஒரு டயர் கடையில் உழைத்தே ஓய்வு பெற்றவன் நான். டயர் தேர்வில் இயந்திரத்தால் கேட்க முடியாத ஒரு கேள்வி உண்டு என்று அவரிடம் ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே ரிம் படம் பார்க்கப் போய்விட்டார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். அப்பா ரப்பர் மரம் சீவினார். அந்த ரப்பர் டயராகத் திரும்பி வந்தபோது நான் கழற்றி மாட்டினேன். கடையில் சேர்ந்த முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. டியூபுக்கு ஒட்டுப் போட்டேன், டயர் பள்ளத்தில் சிக்கிய கல்லைப் பிடுங்கினேன், திட்டு வாங்கினேன். எண்பதுகள் பிறந்தபோது ரிம் மாட்டும் பக்கம் வந்திருந்தேன். நல்ல நேரத்தில்தான் வந்தேன். அப்போதுதான் எங்கள் வட்டாரத்தில் ஸ்போர்ட் ரிம் மோகம் பிடித்தது. சட்டையில் பொத்தான் இல்லாதவன்கூட காருக்கு அலுமினிய ரிம் கேட்டு வந்தான்.

அழகு வேண்டாம் என்று சொல்கிறவன் டயர் கடையில் வேலை செய்யக்கூடாது. எனக்கும் அந்தப் பளபளப்பு பிடிக்கும். ஒல்லி டயரும் இரும்பு ரிம்முமாக வரும் கிழட்டு டட்சன், அகல டயரோடு வெளியே போகும்போது அப்போதுதான் குளித்துத் தலை சீவியவன் போல இருக்கும். ஆனால் ஆசைப்பட்ட அளவையெல்லாம் மாட்டிவிட முடியாது. டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்கள்தான் அதன் ஜாதகம். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். கோட்டுக்கு அடுத்த எண் பக்கச்சுவரின் உயரம். அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று. கடைசி எண் ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ரிம்மைப் பெரிதாக்கினால் பக்கச்சுவரைக் குறைக்க வேண்டும். டயரின் மொத்த உயரம் ஏறக்குறையப் பழைய உயரமாகவே இருக்க வேண்டும். உயரம் கூடிப்போனால் மீட்டர் காட்டுவதைவிடக் கார் வேகமாக ஓடும், மேட்டில் இழுக்காது. குறைந்துபோனால் எஞ்சின் வீணாகக் கத்தும்.

அகலத்திலும் அப்படித்தான். அகல டயர் வளைவில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஸ்டியரிங் கனக்கும். தண்ணீர் நிற்கும் சாலையில் தரையைத் தொடாமல் மிதக்கப் பார்க்கும். சுங்கை பெசாரிலிருந்து நெல் வியாபாரி ஒருவர் வந்து, கடையில் இருப்பதிலேயே அகலமானதைக் கேட்டார். அவர் பக்கத்துச் சாலையில் மழைக்காலத்தில் வயலும் ரோடும் ஒன்றாகிவிடும். எங்கள் முதலாளி அவருக்கு ஒரு சுற்று குறைவான டயரையே மாட்டி அனுப்பினார். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார். மழைக்காலம் முடிந்ததும் தம்பியின் காரையும் எங்களிடம் கொண்டுவந்தார்.

முதலாளி பெயர் காசிம். நாகூர்ப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் அண்ணனை நானா என்பார்களாம். கடையில் எல்லோருக்கும் அவர் நானாதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டயர் கடை நடத்திய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க முடியும். அந்தச் சட்டையில் கறை படிந்து நான் பார்த்ததில்லை. யாருக்கும் 'முடியாது' என்று சொல்ல மாட்டார்.

"போடலாம் தம்பி, தாராளமா போடலாம்," என்பார். "வண்டியில எப்பவும் எத்தனை பேரு ஏறுவீங்க? எந்த ரோட்டுல ஓடும்?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குத் தாங்கள் கேட்ட அளவின் மேல் சந்தேகம் வந்துவிடும். மிச்சப் பேருக்குச் சோதனை உண்டு. புது ரிம்மையும் டயரையும் மாட்டி, டயரின் தோள்பட்டை முழுக்க வெள்ளைச் சாக்குக்கட்டியை அழுத்தித் தேய்ப்போம். பிறகு நானா பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குள் எட்டிப் பார்த்து ஆள் பிடிப்பார். எடை பார்த்துத்தான் பிடிப்பார். குண்டானவர்களுக்கு எங்கள் கடையில் தனி மரியாதை. மீன் சந்தைக்காரர் ஒருவரை நானா பின்சீட்டில் ஏற்றினால் இரண்டு ஆளுக்குச் சமம். இப்படிக் காரை நிரப்பிக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் குழி விழுந்த சாலையில் நான் ஓட்டிப் போய்த் திரும்புவேன். வந்ததும் நானா குனிந்து சாக்குப் பூச்சைப் பார்ப்பார். எங்காவது அழிந்திருந்தால் அந்த இடத்தில் டயர் மட்கார்டில் உரசியிருக்கிறது என்று அர்த்தம்.

"டயரு நிக்கிற வண்டிக்கு இல்ல தம்பி, போற வண்டிக்கு," என்பார். ஆள் இறங்கின காரில் மூன்று விரல் இடைவெளி தாராளமாகத் தெரியும். ஆள் ஏறினால்தான் உண்மை தெரியும். சோதனைக்கு ஏறினவர்களுக்கு நானா கணக்கில் தேத்தண்ணி.

இந்தச் சோதனையை என்னைவிட அழகாக வாடிக்கையாளருக்கு விளக்குகிறவன் குணா. கடையின் விற்பனையாள். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். அவன் வாய்க்கு வங்காளம் பக்கத்து ஊர். என் வயதுதான். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். அவனிடம் பழைய டட்சன் ஒன்று இருந்தது. வடக்கு சிலாங்கூர் தோட்டமெல்லாம் அந்தக் காரைத் தெரியும், ஏனென்றால் கடைக்கு வரும் புது மாடல் ரிம் எல்லாம் முதலில் அதில்தான் ஏறும்.

எண்பதுகளின் நடுவில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் விமலா, ராசா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம், ரவாங்கில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை. பெண்ணின் அம்மா காளியம்மா, தோட்டத்து முகப்பில் தோசைக் கடை போட்டிருந்தார். அப்பாவும் இருந்தார், ஆனால் அந்த வீட்டில் பேச்சு என்றால் அது அந்த அம்மாதான். நிச்சயதார்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். "எங்களுக்குச் சீர் செனத்தின்னு ஒன்னும் வேணாம், பொண்ண மட்டும் அனுப்புங்க போதும்," என்று குணா சபையில் எழுந்து நின்று சொன்னான். ஆண்கள் தட்டிக் கொடுத்தார்கள். காளியம்மா முகம் மட்டும் சுருங்கிப்போனது. கொடுக்க வக்கில்லாதவள் என்று மாப்பிள்ளை நினைத்துவிட்டாரோ என்று அந்த அம்மா பின்னால் யாரிடமோ சொல்லி வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். குணாவின் காதிலும் அது விழுந்தது. நல்லது சொல்லப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று தவித்தான். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவும் வழி தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தன் காரை மாப்பிள்ளைக் காராக்க ஆரம்பித்தான். பதினான்கு அங்குல ரிம், அகலமான குட்டைச் சுவர் டயர். அதுவரை சரி, மொத்த உயரம் பழைய டயருக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. ஆனால் அவன் எடுத்த ரிம், சக்கரத்தை வெளியே தள்ளி மட்கார்டின் விளிம்பு வரை கொண்டுவரும் வகை. அதோடு ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை வைத்துப் பின்பக்கத்தையும் தாழ்த்தினான். பார்க்க என்னவோ பிரமாதம். நானே இரண்டு தடவை தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன்.

"அகலக்கால் வைக்காதடா," என்றேன்.

"வெச்சாச்சு மச்சான். இனிமே எடுக்க ஏலாது லா," என்று சிரித்தான்.

நானா சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். எல்லோரிடமும் கேட்பதையே குணாவிடமும் கேட்டார்.

"போறப்ப யாரு ஏறுவா?"

"நான், ஓட்டுறதுக்கு இந்த மணியம்," என்று என்னைக் காட்டினான். "அப்புறம் எங்க பெரியம்மா."

"வரும்போது?"

"பொண்ணும் சேந்து நாலு பேரு."

"பூட்டுல?" காரின் பின்பக்கச் சாமான் பெட்டியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

குணா தரையைப் பார்த்தான்.

"ஒன்னும் வேணாம்னு நான்தான் சொல்லிட்டேனே நானா."

"நீ சொன்னது சரி. அவங்க என்னா செய்வாங்க? பெத்தவங்க இல்லையா?"

"அத எப்படி நானா கேக்கறது? பூட்டுல என்னா ஏத்தப்போறீங்கன்னு கேட்டா, என்னா குடுக்கப்போறீங்கன்னு கேட்ட மாதிரி ஆயிராதா? ஏற்கெனவே அந்த அம்மா மனசு நொந்து கிடக்கு."

நானா கையில் இருந்த சாக்குக்கட்டியை உருட்டினார்.

"வாஸ்தவம்தான்," என்றார். "கேக்கக்கூடாத கேள்வி."

அன்றைக்கு நான்கு பேரை ஏற்றிச் சோதனை செய்தோம். சாக்குப் பூச்சு அப்படியே இருந்தது. குணா டயரைத் தட்டிக் கொடுத்தான். பூட்டில் ஒரு மூட்டை மண்ணாவது போட்டுப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எத்தனை மூட்டை என்று யாருக்குத் தெரியும்? பெண் வீட்டுக்காரர்களின் மனசுக்கு எடை போட எங்கள் கடையில் தராசு இல்லை. நானா கணக்குப் பார்க்க உள்ளே போய்விட்டார்.

கல்யாணம் ராசா தோட்டத்து அம்மன் கோயிலில் நடந்தது. நான்தான் மாப்பிள்ளைக் காரின் ஓட்டுநர். போகும்போது கார் பூப் போல ஓடியது. தோட்டத்துப் பிள்ளைகள் காரைச் சுற்றி நின்று ரிம்மில் முகம் பார்த்தார்கள். குணாவுக்குத் தாலி கட்டின சந்தோஷம் ஒரு பங்கு என்றால் இது அரைப் பங்காவது இருந்திருக்கும்.

சாப்பாடு முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும் நேரம். காளியம்மா என்னிடம் வந்து பூட்டைத் திறக்கச் சொன்னார். நான் குணாவைப் பார்த்தேன். அவன் மாலையும் கழுத்துமாகப் பெரியவர்கள் காலில் விழுந்துகொண்டிருந்தான். திறந்தேன். முதலில் இரண்டு பித்தளைக் குடம் வந்தது. வெறுங்குடத்தைப் பெண்ணோடு அனுப்பக்கூடாது என்பதால் ஒன்றில் கழுத்து வரை அரிசி, இன்னொன்றில் சீனி. பிறகு பித்தளைத் தவலை, அதற்குள் பருப்பு. கடைசியில் இரண்டு ஆண்கள் மூச்சுப் பிடித்து ஓர் ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ஒருவர் குழவியோடு வந்தார்.

"தோசக் கடைக்கு மாவாட்டுன கல்லு தம்பி," என்றார் காளியம்மா. "நாலு புள்ளைங்கள இதுலதான் ஆட்டிப் போட்டு வளத்தேன். மாப்பிள்ள ஒன்னும் வேணாம்னுட்டாரு. வாங்குன சாமான்தானே வேணாம்? இது வாங்குனது இல்ல, எங்க வீட்டு ஆளு. எம்மவ ஏறுற வண்டியிலயே போகட்டும்."

அந்த முகத்தைப் பார்த்து யாரால் எடை பேச முடியும்? கல் பூட்டுக்குள் இறங்கியபோது காரின் பின்பக்கமும் கூடவே இறங்கியது. பூட்டை மூடிவிட்டு டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒற்றை விரல்தான் போனது. அதுவும் நெருக்கி.

பின்சீட்டில் குணா, விமலா; முன்னால் என் பக்கத்தில் குணாவின் பெரியம்மா. பின்னால் உறவுக்காரர்களின் பஸ். அதற்கும் பின்னால் நானாவின் வேன். எங்கள் பழக்கம் படிப்பவர்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். மணப்பெண்ணை ஏற்றிய வண்டி வழியில் நிற்கக்கூடாது. ராகு காலத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும். வழியில் வண்டி நின்றுபோனால் அது எஞ்சின் கோளாறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்தவளின் கால் ராசி என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு ஒரு பெண்ணை அவள் தலை நரைக்கும் வரை துரத்தும். என் சொந்தத்திலேயே அப்படி ஒருத்தி இருந்தாள். வீட்டில் பால் திரிந்தாலும் அவளைத்தான் பார்ப்பார்கள்.

நல்ல சாலையில் சத்தம் வரவில்லை. ரவாங் தாண்டி, முதல் பள்ளத்தில் கார் குதித்தபோது பின்னாலிருந்து 'கர்ர்' என்று வந்தது. கண்ணாடியில் குணாவைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். டயர் விற்கிறவனுக்கு அந்தச் சத்தம் என்னவென்று சொல்லித் தர வேண்டுமா? கண்ணாலேயே 'ஓட்டு' என்றான். வேகத்தைக் குறைத்து, பள்ளத்தை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினேன். லோரிகள் உழுது போட்ட சாலை, எத்தனையைத்தான் ஒதுக்குவது? அடுத்த பள்ளம், அடுத்த 'கர்ர்'. பத்தாங் பெர்ஜுந்தை தாண்டி எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்கு நடுவில் வந்தபோது ரப்பர் தீய்ந்த வாடை காருக்குள்ளேயே வந்துவிட்டது. பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். டயரின் தோளை மட்கார்டு விளிம்பு கத்தி போல் சீவிக்கொண்டிருக்கிறது. வெடித்தால் மணப்பெண்ணோடு கால்வாயில்தான் கிடப்போம். நிறுத்தினால் அவள் பெயர் போகும். எதைச் செய்தாலும் இழப்பு அவளுக்குத்தான் என்று நினைத்தபோது குணாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"நிறுத்து மச்சான்," என்றான் குணா.

ஓரமாக நிறுத்தினேன். பஸ்ஸும் நின்றது. ஆட்கள் இறங்கி வர ஆரம்பித்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு பின் டயரிலும் தோள்பட்டை உரிந்து, ஒன்றில் உள்நூல் தெரிந்தது.

"நடு வழியில நின்னுருச்சே," என்று பெரியம்மா தலையில் கை வைத்தார். "நான் கூட்டிட்டு வந்த மருமவ எவ வண்டியும் இப்படி நின்னதில்லடா." பிறகு பூட்டைப் பார்த்தார். "அந்தக் கல்ல இறக்கி பஸ்ல போடுங்க. கல்லாடா சீரு இந்தக் காலத்துல? இது ஏறுனதுலேர்ந்துதான் வண்டி முக்குது."

பஸ்ஸில் காளியம்மாவும் இருந்தார். ஜன்னல் வழியாக அவருக்கு இது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எழுந்து நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதுவரை தலை நிமிராமல் இருந்த விமலா கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். கூறைப்புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தாள். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை.

"கல்ல இறக்க வேணாங்க," என்றாள் குணாவைப் பார்த்து. "அது கார்லயே வரட்டும். கனம்தான் கொறயணும்னா நான் பஸ்ல வர்றேன்."

பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் அங்கங்கே நின்றுவிட்டது. புதுப்பெண் தாலி கட்டிய அன்றைக்குப் புருஷனை விட்டுப் பஸ்ஸில் ஏறி வருவதா? அதைவிடப் பெரிய தலைக்குனிவு மாப்பிள்ளை வீட்டுக்கு வேறு இல்லை. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு கால் பஸ் பக்கம் திரும்பியிருந்தது.

குணா தன் காரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "மச்சான், பழைய இரும்பு ரிம் இருந்தா..." என்று ஆரம்பித்தான்.

அவன் முடிப்பதற்குள் நானா வேனின் பின்கதவைத் திறந்தார். குணாவின் பழைய ரிம் நான்கும், ஒல்லி டயரோடு, உள்ளே அடுக்கியிருந்தது. ஒரு பால் டின்னில் பழைய நட்டுகளும் இருந்தன. ஸ்போர்ட் ரிம்முக்குப் போடும் நட்டு இரும்பு ரிம்மில் சரியாக உட்காராது. சல்லடை போட்டுத் தேடினாலும் பழைய நட்டு அந்த இடத்தில் கிடைத்திருக்காது. கேட்கக்கூடாத கேள்விக்குப் பதில் கிடைக்காதபோது, எந்தப் பதில் வந்தாலும் சமாளிக்கும்படி அவர் சாமான் ஏற்றி வைத்திருந்தார். 'அன்றைக்கே கேட்டேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானாவாக இருந்திருக்க மாட்டார்.

"ரெண்டா தம்பி, நாலா?" என்று மட்டும் கேட்டார்.

கேள்வி சின்னது. அதன் கனம் எனக்கும் குணாவுக்கும் தெரியும். நான்கையும் மாற்றினால் கார் பழைய கார் போலாவது ஒழுங்காக இருக்கும், ஆனால் ராகு காலம் வந்துவிடும். பின்பக்கம் இரண்டை மட்டும் மாற்றினால் நேரத்துக்குப் போய்விடலாம், ஆனால் முன்னால் பளபளவென்று அகல டயர், பின்னால் கறுத்த இரும்பில் ஒல்லி டயர் என்று கார் கோமாளி வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும். அதுவும் தோட்டமே கூடி நிற்கும் வாசலில். ஊருக்கெல்லாம் ரிம் விற்ற குணாவின் கல்யாணத்தில்.

"ரெண்டு போதும் நானா," என்றான் குணா. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனே ஜாக்கியை எடுத்தான்.

அகல டயரும் ஒல்லி டயரும் கலந்து ஓட்டுவது சரியான வேலை இல்லை. உயரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்ததால், மெதுவாகப் போனால் வீடு போய்ச் சேரலாம் என்று துணிந்தோம். நான் நட்டுகளை முடுக்கினேன், நானா ஒவ்வொன்றையும் கையால் ஒரு முறை தொட்டுப் பார்த்தார். ஒல்லி டயர் உள்ளடங்கி உட்கார்ந்தது. ஆட்டுக்கல் பூட்டிலேயே இருந்தது. விமலா காரில் ஏறினாள். மிச்ச வழியில் அந்தச் சத்தம் ஒரு முறைகூட வரவில்லை.

வாசலில் பந்தலுக்கு வெளியே கூட்டம் நின்றது. கார் திரும்பியதும் மேளம் முழங்கியது; கார் பக்கவாட்டில் தெரிந்ததும் சிரிப்பு எழுந்தது. "மச்சான், பின் ரிம்ம எங்க அடகு வெச்ச?" என்று ஒருவன் கத்தினான். குணாவின் அம்மா ஆரத்தித் தட்டோடு வந்தார். எங்களுக்கு முன்னால் கீழே இறங்கிய பெரியம்மா அவர் காதருகே போய், "வர்ற வழியில வண்டி நின்னுருச்சு..." என்று ஆரம்பித்தார். காதருகே என்றாலும் அவர் குரல் எல்லோருக்கும் கேட்கும் குரல். சிரிப்பு நின்றது. எல்லார் கண்ணும் விமலாவின் மேல் போய் விழுந்தது. அவள் தலை தாழ்ந்தே இருந்தது.

"வண்டி நிக்கல பெரியம்மா, நான் நிறுத்தினேன்," என்றான் குணா. கடையில் ரிம் விற்கும் அதே குரல்; பந்தல் முழுக்கக் கேட்டது. "அவங்க வீட்டுலேர்ந்து நிறைய குடுத்துட்டாங்க. நான் மினுக்கிட்டு மாட்டுன ரிம்மு அதத் தாங்கல. பவிசு பாத்துப் போட்டேன், பாரம் பாக்கல. சிரிக்கிறவங்க நல்லா சிரிங்க. ஆனா என்னப் பாத்துச் சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. குணாவின் அம்மா ஒரு கணம் மகனைப் பார்த்தார். பிறகு ஆரத்தியை மூன்று முறை சுற்றி, விமலாவின் நெற்றியில் முதலில் பொட்டு வைத்தார். ராகு காலம் பிறப்பதற்குள் அவள் வலது காலை உள்ளே வைத்துவிட்டாள்.

நான் அதற்குப் பிறகு எத்தனையோ கார்களுக்கு அளவு பார்த்துக் கொடுத்திருக்கிறேன். கடைக்குக் கணினி வந்தது, சக்கரத்தைச் சமன் செய்யும் இயந்திரம் வந்தது. அதையெல்லாம் பழகினேன், நன்றாகவே பழகினேன். ஆனாலும் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது.

பால் பழம் கொடுத்து முடித்ததும் குணா வெளியே வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய காளியம்மா பந்தல் ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரலாமா என்று யோசிப்பவர் போல இருந்தார். குணா நேராகக் கார்ப் பக்கம் போய் என்னைக் கூப்பிட்டுப் பூட்டைத் திறந்தான். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஆட்டுக்கல்லில் கை வைத்தான். பட்டுச் சட்டை, கழுத்தில் இன்னும் மாலை. நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவன் ஒரு பக்கம் பிடித்தான்.

காளியம்மா பதறிப்போய் ஓடி வந்தார். "மெதுவா மாப்பிள்ள, மெதுவா. ரொம்பக் கனமா இருக்கும்."

"தெரியும் அத்தை," என்றான் குணா. "ரவாங்கிலேர்ந்தே தெரியும்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு பூட்டுக்குள் கைவிட்டுக் குழவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் நடந்தார்.